தடுப்பூசிக்குப் பின் நாய் இறந்துவிட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊசி போட்டுச் சில மணி நேரம்தான் ஆகிறது, நாய் திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கிறது அல்லது எழும்ப மாட்டேன் என்கிறது என்றால் இதை ஆறுதலாக வாசிக்க வேண்டாம். நாயைத் தூக்கிக்கொண்டு வாகனத்தில் ஏறுங்கள். போகும் வழியில் நான்காவது கேள்வியை மட்டும் பாருங்கள். மற்றதெல்லாம் பிறகு.

1. தடுப்பூசியால் நாய் சாகும் என்பது உண்மையா?

உண்மை, ஆனால் மிக அரிது. அமெரிக்காவில் 12 இலட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் பதிவுகளை வைத்து 2005இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஊசி போட்டு மூன்று நாட்களுக்குள் ஏதாவதொரு பாதிப்பு வந்தது 10,000 நாய்களில் ஏறத்தாழ 38க்கு. அவற்றில் பெரும்பாலானவை முக வீக்கம், தடிப்பு, வாந்தி போன்றவை. மரணம் அதில் மிகச் சிறு பங்கு.

அதே ஆய்வில் கொழும்புத் தொடர்மாடிகளில் நாய் வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. சின்ன நாய்களுக்கு ஆபத்து கூட. ஒரே நாளில் போடும் ஊசி ஒவ்வொன்றாகக் கூடும்போது, 10 கிலோவுக்கு உட்பட்ட நாய்க்கு ஆபத்து 27 சதவீதம் ஏறுகிறது. 12 கிலோவுக்கு மேற்பட்ட நாய்க்கு 12 சதவீதம்தான். பொமரேனியன், ஷிட்சூ, பக், டாக்ஷண்ட் வைத்திருப்பவர்கள் "வந்ததோடு எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போட்டுவிடுங்கள்" என்று கேட்கக்கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

அந்த அரிதானது உங்கள் வீட்டில் நடந்துவிட்டால் சதவீதக் கணக்கு ஒரு ஆறுதலும் தராது. ஆனால் மற்ற நாய்களைப் பற்றி முடிவெடுக்கும்போது அது தேவைப்படும்.

2. ஊசிக்குப் பிறகு எது சாதாரணம், எது ஆபத்து?

அன்றும் மறுநாளும் சோர்ந்து படுத்திருப்பது, லேசான காய்ச்சல், சாப்பாட்டில் நாட்டமில்லாமை, ஊசி போட்ட இடத்தைத் தொட்டால் முனகுவது எல்லாம் சாதாரணம். அந்த இடத்தில் சுண்டங்காய் அளவு கட்டி ஒன்று சில வாரம் இருக்கலாம். கரையாமல் வளர்ந்துகொண்டே போனால் காட்டுங்கள்.

கண் இமை, மூக்கு, உதடு வீங்குவதும், உடம்பு முழுக்கத் தடிப்பதும், முகத்தைத் தரையில் தேய்த்துத் தேய்த்துச் சொறிவதும் ஒவ்வாமை. மயிர் அடர்ந்த நாயில் தடிப்பு கண்ணுக்குத் தெரியாது. முதுகிலும் விலாவிலும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தால் மேடுகள் தட்டுப்படும். இது மட்டும் இருந்தால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனாலும் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும், ஏனென்றால் பெரிய தாக்கத்தின் தொடக்கமும் இப்படித்தான் இருக்கும்.

ஆபத்து என்பது வேறு. அடுத்தடுத்து வாந்தி, தண்ணீராகவோ இரத்தமாகவோ வயிற்றோட்டம், நடை தள்ளாடுதல், கால்கள் சில்லிட்டுப் போதல், மூச்சுக்குத் திணறுதல், திடீரென்று சரிந்து விழுதல். இவை பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்துக்குள், பல நாய்களில் சில நிமிடங்களுக்குள்ளேயே வந்துவிடும்.

முரசைப் (ஈறு) பார்ப்பதை எல்லோரும் பழகி வைத்திருக்க வேண்டும். மேலுதட்டைத் தூக்கி விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் திரும்பச் சிவக்க வேண்டும். கடதாசி போல வெளுத்திருந்தால், அல்லது நிறம் திரும்பப் பிந்தினால், இரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். முரசு கறுப்பாக உள்ள நாயில் கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள். நாய் நன்றாக இருக்கும் நாளில் ஒருமுறை பார்த்து வைத்தால்தான் வித்தியாசம் விளங்கும்.

3. எங்கள் நாய்க்கு முகம் வீங்கவேயில்லை. வாந்தி எடுத்து, இரத்தமாகப் போய், விழுந்துவிட்டது. இதுவும் ஒவ்வாமையா?

ஆம். வீக்கம் இல்லை என்பதற்காக ஒவ்வாமை இல்லை என்று நினைத்துக் காத்திருந்து பல நாய்கள் கைநழுவிப் போகின்றன.

மனிதருக்கு இத்தகைய தாக்கம் பெரும்பாலும் தொண்டையையும் நுரையீரலையும் பிடிக்கும். நாய்க்கு அது முதலில் ஈரலையும் குடலையும் பிடிக்கிறது. குடலிலும் ஈரலிலும் உள்ள ஒவ்வாமைக் கலங்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை ஒரேயடியாகக் கொட்ட, ஈரலிலிருந்து இரத்தம் வெளியேறும் நாளங்கள் இறுகுகின்றன. இரத்தம் வயிற்றுக்குள்ளேயே தேங்கி, இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்துபோகிறது. அதனால் வாந்தி, இரத்த வயிற்றோட்டம், வெளுத்த முரசு, மயக்கம் என்ற வரிசையில் வரும். பார்ப்பவர்கள் "சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை" என்று நினைப்பார்கள்.

4. வீட்டுக்கு வந்த பிறகு விழுந்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

இந்தத் தாக்கத்துக்கு முதல் மருந்தான அட்ரினலின் ஊசி இருக்கும் இடத்துக்கு நாயைக் கொண்டுபோக வேண்டும். இதற்கு முந்தியது எதுவும் இல்லை. ஊசி போட்ட கிளினிக்தான் என்றில்லை, திறந்திருப்பதில் எது கிட்டவோ அது. மாலை ஐந்து மணிக்கு வெள்ளவத்தையில் காலி வீதியும் மரைன் டிரைவும் சேர்ந்தே அடைபடும். அந்த நேரத்தில் தெஹிவளையில் உள்ள பழகிய வைத்தியரைவிட இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கும் பழகாத வைத்தியர் மேல்.

ஒருவர் நாயைப் பிடிக்க, மற்றவர் தொலைபேசியில் சொல்லட்டும்: "தடுப்பூசி போட்டு 40 நிமிடம். நாய் 6 கிலோ. வாந்தி, முரசு வெள்ளை. 10 நிமிடத்தில் வருகிறோம்." இவ்வளவு போதும். நிறை முக்கியம், போய்ச் சேருவதற்குள் மருந்தை அளந்து வைக்கலாம்.

நாயைப் பக்கவாட்டில் கிடத்தி, கழுத்தை நேராக நீட்டி, நாக்கை முன்னால் இழுத்து, வாயிலுள்ள வாந்தியைத் துணியால் துடைத்து விடுங்கள். நெஞ்சைக் கட்டிப்பிடித்துத் தூக்க வேண்டாம். பெட்ஷீட்டை விரித்து இரண்டு முனையிலும் பிடித்துத் தூக்குங்கள். த்ரீவீலர்காரர் நாயை ஏற்றத் தயங்குவார். கீழே ஒரு பொலித்தீன் விரித்தால் பெரும்பாலும் சம்மதிப்பார். தண்ணீர் பருக்க வேண்டாம், மாத்திரை திணிக்க வேண்டாம், தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்ற வேண்டாம். மயங்கிய நாய்க்கு வாயில் ஊற்றுவது நுரையீரலுக்குத்தான் போகும்.

மூச்சும் இல்லை, அசைவும் இல்லை என்றால் நெஞ்சை அழுத்துங்கள். நாய் பக்கவாட்டில் கிடக்க, நெஞ்சின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை அமுங்க, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. 30 அழுத்தலுக்கு ஒருமுறை வாயை மூடிப் பிடித்து மூக்கு வழியாக இரண்டு ஊதல். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். சின்ன நாய்க்கு ஒரு கையாலேயே நெஞ்சைச் சுற்றிப் பிடித்து அழுத்தலாம். இதற்காக வாகனத்தை நிறுத்த வேண்டாம், பின் சீட்டில் செய்துகொண்டே போகலாம். பிழைக்கும் வாய்ப்பு குறைவுதான்.

5. பிரிட்டோன் கொடுக்கலாமா? பனடோல்?

முகம் மட்டும் வீங்கி, நாய் சுறுசுறுப்பாக நடந்து திரிகிறது என்றால் வைத்தியர் தொலைபேசியில் பிரிட்டோன் என்ற ஒவ்வாமை மாத்திரையின் அளவு சொல்லக்கூடும். அந்த அளவை ஊசி போடும் நாளிலேயே கேட்டுத் தடுப்பூசிக் கார்டின் பின்னால் எழுதி வாங்கி வைத்துக்கொள்வது புத்தி. தடிமனுக்கு விற்கும் கலப்பு மருந்துகளை எடுக்க வேண்டாம். பரசிற்றமோலும் மூக்கடைப்பு மருந்தும் சேர்ந்தவை அவை.

விழுந்த நாய்க்குப் பிரிட்டோன் பயனில்லை. ஹிஸ்டமின் வேலையைத் தொடங்கிய பிறகு மாத்திரை கரைந்து இரத்தத்தில் சேர நேரமில்லை. "பிரிட்டோன் கொடுத்துவிட்டோம், கொஞ்சம் பார்ப்போம்" என்று வீட்டில் இருந்துவிடுவதுதான் இதில் நடக்கும் மிகப் பெரிய பிழை.

ஊசிக் காய்ச்சலுக்குப் பனடோல் கொடுக்க வேண்டாம். அளவு கூடினால் நாயின் ஈரலைக் கெடுக்கும். புரூஃபனும் டைக்ளோஃபெனாக்கும் அதைவிட மோசம்: வயிற்றில் புண், சிறுநீரகப் பழுது.

6. ஆஸ்பத்திரியில் என்ன செய்திருக்க வேண்டும்?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நாயை இழந்த பிறகே கேட்கிறார்கள். அதனால் நேரடியாகவே சொல்கிறோம்.

முதல் மருந்து அட்ரினலின். ஒரு மி.லீ.யில் 1 மி.கி. உள்ள ஆம்பியூலில் இருந்து, கிலோவுக்கு 0.01 மி.லீ. என்ற அளவில் தொடைத் தசையில் போடுவார்கள். 5 கிலோ நாய்க்கு 0.05, 10 கிலோவுக்கு 0.1, 30 கிலோவுக்கு 0.3 மி.லீ. பலன் போதாவிட்டால் 5 முதல் 15 நிமிடத்தில் திரும்பவும். கூடவே ஒட்சிசன், காலில் கனூலா (நாளத்தில் செருகும் குழாய்) போட்டு வேகமாகச் சேலைன்: கிலோவுக்கு 10 முதல் 20 மி.லீ. ஏற்றி, நாடியையும் முரசையும் பார்த்து, தேவையானால் இன்னொரு முறை. ஹிஸ்டமின் எதிர்ப்பு ஊசியும் ஸ்டெரொய்டும் இதற்குப் பிறகு. அவற்றை மட்டும் போட்டு அட்ரினலினைப் பிந்தவிடுவது சரியான வரிசையல்ல.

சமாளித்த நாயை அன்றே வீட்டுக்கு அனுப்பாமல் ஒரு நாளாவது வைத்துப் பார்ப்பது நல்லது. முதல் தாக்கம் அடங்கிச் சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலை வரலாம். இரவில் ஆளில்லாத கிளினிக்கில் விட்டுவருவதில் பயனில்லை. இரவு முழுதும் ஆள் இருக்கும் இடத்துக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

7. எல்லாம் சரியாகச் செய்தார்கள். அப்படியும் ஏன் செத்தது?

சில நாய்களில் தாக்கம் மருந்தைவிட வேகமாக ஓடுகிறது. ஊசி போட்ட மேசையிலேயே விழுந்து, இரண்டு நிமிடத்தில் அட்ரினலின் போட்டும் மீளாத நாய்கள் உண்டு. தேங்கிய இரத்தம் திரும்பாமல் இதயம் வெறுமையாகத் துடிக்கும். குடற்சுவர் உரிந்து இரத்தம் உறையாமல் போகும் நிலை வந்தால் இரத்தமேற்றியும் சில வேளை பயனில்லை.

இன்ன நாய்க்கு இது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல நம்பகமான பரிசோதனை இல்லை. தடுப்பூசியில் கிருமிக்கு அப்பால் மாட்டுச் சீரத்தின் புரதம், ஜெலட்டின் போன்றவை சிறிதளவு இருக்கின்றன. பல வேளைகளில் உடல் எதிர்ப்பது அவற்றையே. முந்திய ஊசியில் உடல் அவற்றைச் சத்தமில்லாமல் இனங்கண்டு வைத்திருக்கும். அதனால்தான் "போன வருடமும் இதே ஊசிதானே, ஒன்றும் நடக்கவில்லையே" என்பது காப்பாகாது.

8. ஊசிதான் காரணம் என்று எப்படித் தெரியும்?

நேரம்தான் முதல் சாட்சி. ஒரு மணி நேரத்துக்குள் என்றால் சந்தேகம் வலுவானது. அடுத்த நாள் என்றால் குறையும், ஒரு வாரம் கழித்து என்றால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

கொழும்பில் ஊசியின் தலையில் விழும் பழிகளில் முதலாவது வெப்பத்தாக்கு. நண்பகலில் பக் அல்லது புல்டோக்கைக் கொண்டு கிளினிக் வாசலில் காத்திருந்து, வாகன நெரிசலில் அரை மணி நேரம் இருந்தால் அதுவே கொல்லும்; முரசு வெளுக்காமல் செங்கல் நிறமாக இருக்கும், உடம்பு கொதிக்கும். இரண்டாவது உண்ணிக் காய்ச்சல். ஊசிக்கு முன்பே இரத்தத்தில் கிருமி இருந்து, இரண்டு மூன்று நாளில் முரசு வெளுத்துச் சிறுநீர் தேயிலைச் சாய நிறமாகும். மூன்றாவது பார்வோ என்ற வைரசுக் குடல் நோய். நோய் தொற்றி வெளியே தெரிய 3 முதல் 7 நாள் எடுக்கும், அந்த இடைவெளியில் ஊசி போட்ட குட்டி "ஊசியால்" வயிற்றோட்டம் வந்து சாகும். வயதான பெரிய நாயில் மண்ணீரல் கட்டி வெடித்து உள்ளே இரத்தம் கசிவதும் பார்வைக்கு ஒவ்வாமை போலவே இருக்கும்.

ஊசிக்குப் பின் சில வாரங்களில் நாய் தன் இரத்தக் கலங்களைத் தானே அழிக்கும் நோய் வருவதும் உண்டு. தடுப்பூசியோடு அதற்கு உள்ள தொடர்பில் வைத்தியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. முரசு வெளுத்தாலோ, வயிற்றுத் தோலில் ஊதாப் புள்ளிகள் வந்தாலோ இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

நாய் கொஞ்ச நேரமாவது உயிரோடு இருந்தால் ஸ்கேனில் பித்தப்பைச் சுவர் வீங்கியிருப்பதும், ஈரல் நொதியமான ஏ.எல்.ரி. ஏறியிருப்பதும் ஒவ்வாமைப் பக்கம் கைகாட்டும். எடுத்திருந்தால் அந்த அறிக்கைகளைக் கேட்டு வாங்குங்கள்.

9. பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டுமா? எப்படி?

வீட்டில் வேறு நாய்கள் இருந்தால், அல்லது அதே ஈற்றுக் குட்டிகள் யாரிடமாவது இருந்தால், செய்வது நல்லது. முடிவெடுக்க நேரம் குறைவு. கொழும்பு வெக்கையில் சில மணி நேரத்திலேயே உறுப்புகள் பழுதாகத் தொடங்கும்.

உடலைக் கழுவ வேண்டாம்; ஈர மயிர் அழுகலை விரைவாக்கும். இரண்டு தடித்த பொலித்தீன் பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, வயிற்றைச் சுற்றி ஐஸ் பொதிகளை அடுக்குங்கள். குளிரூட்டியில் வைக்கலாம், உறைய வைக்கக்கூடாது. உறைந்து இளகினால் கலங்கள் உடைந்து, நுண்ணோக்கியில் எதுவும் தெரியாது. 24 மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடமும், அதற்குக் கிட்டவே கன்னொறுவையில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிறுவகமும் இந்த வேலைக்குரிய இடங்கள். கொழும்பிலிருந்து வீதியால் மூன்று நான்கு மணி நேரம். வைத்தியரின் கடிதமில்லாமலோ முன்கூட்டிக் கதைக்காமலோ புறப்பட வேண்டாம். போயா (பௌர்ணமி விடுமுறை) தினமென்றால் வீண் பயணமாகும். கடிதத்தில் ஊசி போட்ட நேரம், முதல் அறிகுறியின் நேரம், கொடுத்த மருந்துகள் எல்லாம் இருக்க வேண்டும்.

இரத்தம் தேங்கிப் பருத்த ஈரல், வீங்கிய பித்தப்பை, இரத்தம் ஊறிய குடல் கண்டால் ஒவ்வாமைக்குப் பொருந்தும் என்று எழுதுவார்கள். "இதுதான்" என்று அடித்து எழுத மாட்டார்கள். பரிசோதனையின் பெறுமதி பெரும்பாலும் மற்றக் காரணங்களை நீக்குவதில்தான்.

10. சாகுமுன் யாரையோ கடித்தது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லைதானே?

தொடர்பில்லாமல் இருக்கலாம். ஆனால் விசர்நோய் (ரேபிஸ்) இருந்ததா என்று செத்த நாயைப் பத்து, பதினான்கு நாள் வைத்துப் பார்க்க முடியாது. இறப்புக்கு முந்திய இரண்டு வாரத்தில் யாரையாவது கடித்திருந்தால், கீறியிருந்தால், காயத்தில் நக்கியிருந்தால், அவர் காயத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரச ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்கக்கூடாது.

நாயின் தலை பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு, அதாவது எம்.ஆர்.ஐ.க்கு, விசர்நோய்ப் பரிசோதனைக்காகப் போக வேண்டும். கசியாத பெட்டியில், சுற்றிவர ஐஸ் போட்டு. ஃபோமலினில் போடக்கூடாது. தலையை நீங்களே வெட்ட முயல வேண்டாம், அது வைத்தியரின் வேலை. "இன்றுதானே விசர் ஊசி போட்டது" என்பது பதிலாகாது. காப்பு உண்டாக வாரக் கணக்கில் நாள் எடுக்கும்.

11. மருந்து பழுதாக இருந்திருக்குமா? கரன்ட் வெட்டு, காலாவதி...

தடுப்பூசி 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்திலிருந்து இந்தக் கேள்வி ஓயவில்லை. சூடேறிய தடுப்பூசி பெரும்பாலும் நஞ்சாவதில்லை, வலுவிழந்து தண்ணீராகிவிடும். அதன் கேடு அன்று தெரியாது. மூன்று மாதம் கழித்துப் பார்வோ வரும்போது தெரியும். செயலிழக்கச் செய்த கிருமி கொண்ட ஊசிகள் உறைந்து இளகினால் கட்டிதட்டி, போட்ட இடத்தில் கூடுதலாக வீங்க வைக்கலாம். முழு உடலும் சரியும் ஒவ்வாமைக்கு நல்ல நிலையில் இருந்த மருந்தே போதும்.

12. வைத்தியரிடம் என்ன கேட்பது? எங்கே அறிவிப்பது?

கோபம் தணிவதற்கு முன்பே கேட்க வேண்டியவை சில: ஒவ்வொரு குப்பியின் பெயர், பட்ச் இலக்கம், காலாவதித் திகதி. கூட்டு ஊசியில் தூளும் அதைக் கரைக்கும் திரவமும் தனித்தனிக் குப்பிகள். திரவத்திலேயே எலிக்காய்ச்சல் மருந்து இருப்பதும் உண்டு. அதனால் இரண்டின் ஸ்டிக்கரும் வேண்டும். எந்த இடத்தில், எத்தனை மணிக்குப் போட்டார்கள், பிறகு என்ன மருந்து, எந்த அளவில். வெறுங்குப்பியைக் குப்பையில் போட வேண்டாம் என்று அப்போதே சொல்லுங்கள். உங்களிடம் உள்ள படங்கள், வீடியோக்களை நேரத்தோடு சேமித்து வையுங்கள்.

மருந்து பற்றிய அறிவித்தல், 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்தின் கீழுள்ள கால்நடை மருந்துக் கட்டுப்பாட்டு அதிகார சபைக்குப் போக வேண்டும். அது பேராதனை கெட்டம்பேயில் தலைமையகம் உள்ள கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தோடு சேர்ந்தது. வைத்தியர் மூலம் அனுப்பினால் எடை கூடும். மருந்தை இறக்குமதி செய்த நிறுவனத்துக்கும் எழுதச் சொல்லுங்கள். ஒரே பட்ச்சில் இரண்டாவது சம்பவம் வந்தால்தான் யாராவது அந்தப் பட்ச்சை நிறுத்திப் பார்ப்பார்கள்.

வைத்தியரின் நடத்தை பற்றியது என்றால் கால்நடை மருத்துவ சபைக்கு எழுத்தில் முறையிடலாம். ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்: ஒவ்வாமை வந்தது வைத்தியரின் பிழையல்ல. அட்ரினலின் கைவசம் இல்லாமல் ஊசி போட்டதும், முன்பு வீங்கியது என்று நீங்கள் சொல்லியும் கேளாமல் போட்டதும் கேட்க வேண்டிய கேள்விகள்.

13. தொடர்மாடியில் இருக்கிறோம். எங்கே புதைப்பது?

சொந்தக் காணி உள்ள உறவினர் வீடுதான் பெரும்பாலும் வழி. குறைந்தது மூன்று அடி மண் மேலே இருக்கும்படி ஆழமாக வெட்ட வேண்டும். ஆழம் குறைந்தால் தெருநாய்கள் கிளறும். கிணற்றுக்கு அருகில் வேண்டாம். கால்வாய்க் கரைகளிலும் கடற்கரைப் பக்கமும் இரண்டு அடியிலேயே தண்ணீர் ஊறும், அங்கே புதைக்க முடியாது. பொலித்தீனில் சுற்றாமல் பருத்தித் துணியில் சுற்றுங்கள். கருணைக்கொலை ஊசி போட்டிருந்தால் உடலில் அந்த மருந்து நெடுநாள் நிற்கும், தின்னும் பிராணியும் சாகும். இன்னும் ஆழம் தேவை.

தகனம் செய்து சாம்பல் தரும் தனியார் சேவைகள் கொழும்பைச் சுற்றி உண்டு. தனியாக எரிப்பார்களா, பலதைச் சேர்த்தா என்று முன்பே கேளுங்கள். எதுவும் சரிவராவிட்டால் மாநகர சபையோடு கதையுங்கள். கால்வாயிலோ குப்பை மேட்டிலோ போட வேண்டாம்.

14. வீட்டில் இன்னொரு நாய் இருக்கிறது. அதற்கு இனி ஊசியே வேண்டாம் என்று இருக்கலாமா?

பயம் நியாயம். முடிவு பிழை. இலங்கையில் 1973இல் 377 பேர் விசர்நோயால் இறந்தார்கள். அந்த எண்ணிக்கை இறங்கியதில் நாய்களுக்குப் போட்ட ஊசிக்குப் பெரும் பங்குண்டு. விசர் ஊசியை விட்டுவிடுவது வீட்டுக்குள் முடியும் விடயமல்ல, சட்டமும் இடம் தராது. மழைக்காலத்தில் எலிக்காய்ச்சலும் ஆண்டு முழுதும் பார்வோவும் இருக்கும் நகரத்தில் மற்ற ஊசிகளையும் முழுக்க விடமுடியாது.

இரத்த உறவில்லாத நாய்க்கு ஆபத்து மற்ற எந்த நாய்க்கும் உள்ளதுதான். ஒரே ஈற்றுக் குட்டி, தாய், பிள்ளை என்றால் கவனம் கூட வேண்டும்.

முன்பு ஒருமுறை முகம் வீங்கிய நாய்க்கு வைத்தியர்கள் செய்வது இது. ஊசிகளைப் பிரித்து, இடையில் இரண்டு முதல் நான்கு வாரம் விட்டுப் போடுவார்கள். வேறு நிறுவனத்தின் மருந்துக்கு மாற்றுவார்கள். அரை மணி நேரம் முன்பு ஹிஸ்டமின் எதிர்ப்பு ஊசி போடுவார்கள். சிலர் கனூலாவையும் முன்பே போட்டு வைப்பார்கள். தேவையில்லாததைக் குறைப்பார்கள்: உலகச் சிறு பிராணி வைத்தியர் சங்கத்தின் 2024 வழிகாட்டியின்படி, குட்டிப் பருவ ஊசிகள் ஒழுங்காக முடிந்த நாய்க்கு டிஸ்டெம்பர், பார்வோ, அடினோ என்ற வைரசு நோய்களுக்கான ஊசியை மூன்று ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் போடத் தேவையில்லை. இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி பார்த்துத் தள்ளிப்போடவும் முடியும். எலிக்காய்ச்சல் ஊசி ஆண்டுதோறும் தேவை, அதற்கு இந்த இரத்தப் பரிசோதனை உதவாது. ஒருமுறை விழுந்து பிழைத்த நாய்க்கு ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்தை நம்பித் திரும்பப் போடுவது வேறு கதை. ஒவ்வோர் ஊசியையும் தனித்தனியாகச் சீர்தூக்கிப் பார்த்து, எழுத்தில் முடிவெடுக்க வேண்டும்.

"சின்ன நாய்தானே, அரை ஊசி போடுங்கள்" என்று கேட்க வேண்டாம். தடுப்பூசி நிறைக்கு அளப்பதல்ல. அரை ஊசி காப்பும் தராது, ஒவ்வாமையையும் தடுக்காது.

நாளையும் தெரிந்தெடுங்கள். வார நாளில் காலை ஒன்பது மணி நல்லது. சனிக்கிழமை மாலையும் போயாவுக்கு முதல் நாளும் வேண்டாம், இரவில் ஓட இடமிருக்காது. ஊசி போட்டதும் கிளினிக்கிலேயே அரை மணி நேரம் இருங்கள். அடுத்த இரண்டு மணி நேரம் பத்து நிமிடத்தில் திரும்பி வரக்கூடிய தூரத்தில். "அட்ரினலின் இருக்கிறதா?" என்று ஊசிக்கு முன் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

15. அட்ரினலினை வீட்டில் வாங்கி வைக்கலாமா?

முன்பு விழுந்து பிழைத்த நாய்க்கு மட்டும், வைத்தியர் எழுதித் தந்து, போடவும் பழக்கினால். 100 அலகு இன்சுலின் சிரிஞ்சில் 10 அலகு என்பது 0.1 மி.லீ., அதாவது 10 கிலோ நாயின் அளவு. இதை 1 மி.லீ. என்று எண்ணி பத்து மடங்கு போட்டுவிடுவதுதான் பயம். வைத்தியரைக் கொண்டு சிரிஞ்சில் மார்க்கரால் கோடு போட்டு வாங்குங்கள். ஆம்பியூலை வெளிச்சம் படாமல் வையுங்கள். நிறம் மாறினால் வீசிவிடுங்கள். போட்ட பிறகும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும்.

16. நான்தானே கூட்டிக்கொண்டு போனேன். பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

கூட்டிக்கொண்டு போனது நாயை விசரிலும் பார்வோவிலும் இருந்து காக்க. அன்று தெரிந்ததை வைத்துச் செய்த சரியான காரியம் அது. அரை மணி நேரம் முந்தி வந்திருந்தால் என்ற கணக்கை எல்லோரும் போடுகிறார்கள். வேகமான தாக்கத்தில் அந்த அரை மணி நேரமும் பல வேளை போதாது.

பிள்ளைகளிடம் "தூங்குது", "ஊருக்குப் போயிட்டுது" என்று சொல்ல வேண்டாம். முதலாவதைக் கேட்ட பிள்ளை படுக்கப் பயப்படும், இரண்டாவதைக் கேட்ட பிள்ளை வாசலில் காத்திருக்கும். "செத்துப்போச்சு. ஊசி மருந்து அதின்ட உடம்புக்கு ஒத்துக்கொள்ளேல்ல. இப்பிடி நடக்கிறது குறைவு" என்று சொல்லுங்கள். அடுத்த கேள்வி "எனக்கும் ஊசி போட்டால் சாவேனா?" என்பதாக இருக்கும். மனிதரின் ஊசி வேறு என்றும், ஊசி போட்டதும் நர்ஸ் கொஞ்ச நேரம் இருக்கச் சொல்வது இதைக் கவனிக்கத்தான் என்றும் பதில் சொல்லலாம். பாடசாலைத் தடுப்பூசிக்கு முன் இதைக் கதைத்து முடிப்பது நல்லது.

17. புது நாய்க்குட்டி எப்போது கொண்டுவரலாம்?

ஒவ்வாமை தொற்றாது, வீட்டைச் சுத்திகரிக்கத் தேவையில்லை, மனம் தயாரானால் எப்போதும் கொண்டுவரலாம். காரணம் உறுதியாகாமல், பார்வோ என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் நிலத்தையும் கூண்டையும் முதலில் சவர்க்காரத்தால் கழுவி, பிறகு ஒரு பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிடுங்கள். மண் தரையில் அந்தக் கிருமி மாதக் கணக்கில் கிடக்கும். குட்டியின் கடைசிச் சுற்று ஊசி 16 வாரம் நிறைந்த பிறகு விழ வேண்டும், அதன் பின் 26 வாரத்தில் ஒன்று. இறந்த நாயின் அதே தாய் தகப்பனின் குட்டி என்றால் பழைய தடுப்பூசிக் கார்டையும் கையில் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள்.